படகுக்கும் ஒரு தோல் உண்டு

"அக்கா, எங்க வீட்டுக்காரரு ஃபைபர் படகு வாங்கினப்போ மயில் கழுத்து நீலத்துல பளபளன்னு இருந்துச்சு. பத்து வருஷத்துல வெளுத்துப் போய் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி ஆயிடுச்சு. சாஞ்சு நின்னா புடவையெல்லாம் வெள்ளைப் பொடி. தரகர் ஒருத்தரு வந்து பார்த்துட்டு, ‘படகு செத்துப் போச்சு, கிடைச்ச விலைக்குத் தள்ளிடு’ன்னு சொல்றாரு. எங்க வீட்டுக்காரரோ, மெஷின் வச்சுச் சுரண்டிட்டுக் கடன் வாங்கியாவது பெயிண்ட் அடிச்சிடலாம்ங்கிறாரு. ரெண்டு நாள் சுரண்டினதுக்கே எனக்குக் கையெல்லாம் ஒரே அரிப்பு. அவரு சட்டையோட சேர்த்துத் துவைச்ச கவுனைப் போட்டதும் குழந்தைக்கும் உடம்பு சிவந்து போச்சு. படகை வச்சுக்கிறதா, விக்கிறதா? இது என்ன அரிப்பு?"

எண்ணூர் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருவது வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப் போச்சு, மொசைக் தரையில் கறை, குழந்தைக்கு வேர்க்குரு என்கிற மாதிரிக் கேள்விகள்தாம். படகைப் பற்றி நம்மிடம் கேட்கிறாளே என்று முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் உலை ஏறுவதே அந்தப் படகினால்தான். கடிதத்தில் பாதி வீட்டுப் பராமரிப்பு, மீதி உடம்பு. நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி ஏது?

உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் எழுத மனசு வரவில்லை. காசிமேட்டில் ஃபைபர் வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குப் போனேன். அங்கே கண்டதும் கேட்டதும், இதற்கென்று நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்த இதழின் பக்கம். ஃபைபர் கதவு, ஃபைபர் கூரைத் தகடு வைத்திருக்கும் சகோதரிகளும் விடாமல் படியுங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

பாட்டன் சொல்லித் தராத பாடம்

ஒரு தலைமுறைக்கு முன்வரை இந்தக் கரையில் கட்டுமரம்தான் ராஜா. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்துக் காய வைப்பார்கள். அந்தப் பராமரிப்பைப் பாட்டன் அப்பனுக்கும், அப்பன் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 1979-ல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையிலேயே இறக்கி ஏற்றக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் ஃபைபர் படகும் உண்டு. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்து போன பிறகு, நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் ஏராளமாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. கட்டுமரம் ஒதுங்கியது.

"உளுக்காது, துருப்பிடிக்காது" என்று சொல்லித்தான் ஃபைபரைக் கொடுத்தார்கள். அது உண்மைதான். ஆனால் வெயிலில் வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வெளுத்தால் என்ன செய்வது என்றும் சொல்லித் தரவில்லை.

ஏன் வெளுக்கிறது?

ஃபைபர் படகு என்பது தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை விரிப்பாக்கி, ரெசின் என்கிற பிசினில் ஊற வைத்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைத்தது. இது படகின் சதை. அதற்கு மேலே நிறம் கலந்த ஒரு பூச்சு இருக்கும். ஜெல் கோட் என்பார்கள். அதுதான் படகின் தோல். எவ்வளவு கனம் என்கிறீர்கள்? ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இரண்டு தபால் கார்டை ஒன்றாக வைத்தால் எவ்வளவு கனமோ, அவ்வளவுதான்.

வருஷம் முழுக்க வெயிலில் கிடப்பதால், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்தத் தோலின் மேல்பரப்பில் இருக்கும் பிசினைச் சிதைத்துவிடுகின்றன. பிசின் போனதும் நிறப்பொடி பிடிமானமில்லாமல் உதிர்கிறது. புடவையில் ஒட்டுகிற வெள்ளைப் பொடி அதுதான். மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாகிவிடுவதால் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுகிறது. நிறம் மங்கித் தெரிவது அதனாலும்தான்.

வடசென்னையில் இதற்கு மேலும் சில தொல்லைகள். உப்புக் காற்று சரி, அது எல்லாக் கடற்கரையிலும் உண்டு. இங்கே அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து படிகிறது. அது அரம் போல. துணியால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்தால் தோல் முழுக்கக் கீறல். அப்புறம் எண்ணெய். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் கிடந்த படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அப்போது படகுகளைப் பழுது பார்க்க, படகுக்கு 10,000 ரூபாய் வீதம் 787 படகுகளுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. எண்ணெயைப் போக்க வேண்டுமே என்ற அவசரத்தில் ஆசிட்டும் பெட்ரோலும் போட்டுத் தேய்த்த படகுகளுக்கு, எண்ணெயோடு தோலும் சேர்ந்தே போயிருக்கும்.

செத்ததா, சோர்ந்ததா?

படகருகே போனதும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. முதலில் ஒரு விரலால் படகின் பக்கத்தைத் தடவி, பொடியைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார்.

குடிக்கத்தான் கேட்கிறார் என்று தங்கை சொம்பை நீட்டினாள். அவர் அதைப் படகின் மேலேயே ஊற்றி, துணியால் பரப்பினார். சுண்ணாம்பாக இருந்த இடத்தில் மயில் கழுத்து நீலம் எட்டிப் பார்த்தது! "பார்த்தியா, உள்ள கலரு கீது. போட்டு சாவல. சொம்மா மேல வெயில் தின்னுட்டு கீது, அவ்ளோதான்" என்றார். தண்ணீர் காய்ந்ததும் மறுபடி வெளுப்பு. தங்கையின் முகம் மட்டும் வெளுக்கவில்லை.

இதுதான் முதல் சோதனை. ஈரத்தில் நிறம் திரும்பினால், தேய்த்து மெருகேற்றினாலும் திரும்பும்.

இரண்டாவது, கண் சோதனை. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உற்றுப் பாருங்கள். பாய் முடைந்தது போலவோ, நூல் பிரிந்தது போலவோ இழை தெரிகிறதா? அங்கே தோலே இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. இவள் படகில் வலை உரசி உரசி, மேல் விளிம்பில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு அப்படித் தெரிந்தது.

மூன்றாவது, காது சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டிக் டிக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலோ, நீர் இறங்கியிருந்தாலோ 'தொம்' என்று அடைத்த ஓசை வரும். பக்கங்கள் எல்லாம் கணீர். பின்னால் எஞ்சின் மாட்டுகிற பலகையில் மட்டும் பெரியவர் மூன்று தடவை தட்டினார். மூன்று தடவையும் 'தொம்'.

அவர் முகம் மாறிவிட்டது. "இத்த பாரும்மா. பளபளப்பு இன்னா, அப்பால பார்த்துக்கலாம். இதுக்கு உள்ள மரப்பலகை வச்சு ஃபைபர் சுத்தியிருப்பாங்க. போல்ட்டு ஓட்டை வழியா தண்ணி எறங்கி ஊறிப் போய்க் கீது. நடுக்கடல்ல எஞ்சின் ஆடிச்சுன்னா இன்னா பண்ணுவ?"

சகோதரிகளே, இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. தரகர் பார்த்தது வெளுப்பை. வீட்டுக்காரர் பார்த்ததும் வெளுப்பைத்தான். ஒருவருக்கு அது விலையைக் குறைக்கச் சாக்கு, மற்றவருக்குக் கடன் வாங்கக் காரணம். ஆனால் வெளுப்பு உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து இருந்தது, பார்வைக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பலகையில்! கடன் வாங்கிப் பெயிண்ட் அடித்திருந்தால், போல்ட்டு ஓட்டையைச் சுற்றியிருந்த கீறலும் சேர்ந்து மறைந்திருக்கும்.

ஆகவே தங்கைக்கு என் பதில் இது: படகை விற்க வேண்டாம். கையில் இருக்கும் பணத்தைப் பின்பலகைக்குப் போடுங்கள். விளிம்பைப் பட்டறையில் கொடுத்துப் புதுத் தோல் போடுங்கள். மீதிப் பளபளப்புக்கு அதிகப் பணம் வேண்டாம், கையும் பொறுமையும் போதும். அது எப்படி என்று இனி சொல்கிறேன்.

மெருகேற்றும் முறை

1. *கழுவுதல்:* முதலில் தண்ணீரை ஊற்றி உப்பையும் சாம்பலையும் ஓட விடுங்கள். துணி அப்புறம்தான். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலில் மெத்தென்ற ஸ்பாஞ்சை நனைத்துக் கழுவுங்கள். நல்ல தண்ணீர்தான் வேண்டும், கடல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். "குடிக்கவே லாரித் தண்ணிக்கு நிக்கிறோம், படகுக்கு எங்க போறது?" என்று தங்கை கேட்டாள். நியாயம்தான். துணி அலசிய கடைசித் தண்ணீரை எடுத்து வைத்து முதல் கழுவலுக்கு உபயோகியுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் போதும்.

2. *எண்ணெய்க் கறை:* தார் போல ஒட்டியிருப்பதை மரக்கரண்டிக் காம்பாலோ பிளாஸ்டிக் துண்டாலோ வழித்து எடுங்கள். மிச்சத்தின் மேல் சமையல் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊற விட்டு, துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைத்த துணிகளை ஆற்றில் வீசாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

3. *தேய்த்துப் பார்த்தல்:* கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரப்பிங் காம்பவுண்டை ஈரத் துணியில் எடுத்து வட்ட வட்டமாகத் தேயுங்கள். வண்டிக்கு மெருகேற்ற வாங்குவோமே, அந்தப் பசைதான். பளபளப்பு வந்துவிட்டால் வாட்டர் பேப்பரே தேவையில்லை, நேரே ஐந்தாவது படிக்குப் போங்கள். எதில் குறைவாகத் தோல் தேய்கிறதோ, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தேய்த்த தோல் திரும்ப வளராது.

4. *வாட்டர் பேப்பர்:* காம்பவுண்டுக்கு மசியாவிட்டால் மட்டும் இது. நம்பர் பெரிதாக ஆக, தாள் மெல்லியது என்பது நினைவிருக்கட்டும். 1000-ல் தொடங்குங்கள். அதற்கும் மசியாத இடத்துக்கு மட்டும் 800. பிறகு 1200, அப்புறம் 1500. தாளைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு சிறு ரப்பர் கட்டையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே லேசாகத் தேய்க்க வேண்டும். சுவரில் போடுகிற 80, 100 நம்பர் முரட்டுத் தாள் படகின் தோலுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. மூலைகளிலும் முனைகளிலும் தோல் இன்னும் மெல்லிசு. அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

5. *காம்பவுண்டு:* கழுவிக் காய வைத்த பிறகு, ஒரு முழத்துக்கு ஒரு முழம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு தேயுங்கள். ஒரு பகுதி முடிந்த பிறகுதான் அடுத்தது. வெயிலில் சுடுகிற பரப்பில் போட்டால் பசை உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். காலையிலோ, பந்தல் நிழலிலோ செய்யுங்கள். பஃபிங் மெஷின் கிடைத்தால் மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் கருகும். மின்சார மெஷினை ஈரத் தரைக்குக் கொண்டு வராதீர்கள். தண்ணீர் வேலை முழுக்க முடிந்து, தரையும் காய்ந்த பிறகுதான் அது.

6. *மெழுகு:* இதை விட்டுவிட்டால் செய்த பாடெல்லாம் சில மாதங்களில் வெயிலுக்குப் பலி. வாக்ஸ் பாலிஷை மெல்லிதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். பழைய காட்டன் புடவையைவிட இதற்கு நல்ல துணி இல்லை. இரண்டு பூச்சு நல்லது. ஒரு எச்சரிக்கை: வெளிப்பக்கம் மட்டும்தான் மெழுகு. நிற்கிற, கால் வைக்கிற இடத்தில் போட்டால் அலையில் வழுக்கி விழ நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஈரத் துணி காட்டிய அதே வித்தைதான் அது. இரண்டு நாள் மின்னும், பிறகு தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விற்க நினைப்பவர் இப்படித் தடவி வைத்திருந்தால், வாங்குபவர்கள் ஜாக்கிரதை! கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டவே வேண்டாம். படகுக்கும் கெடுதல், அதில் உள்ள ஆணி போல்ட்டுக்கும் கெடுதல், மூச்சுக்கும் கெடுதல்.

பளபளப்பு அழகுக்கு மட்டுமில்லை. சுண்ணாம்பாகிவிட்ட பரப்பில் மீன் ரத்தமும் செதிலும் ஒட்டிக்கொண்டு நாற்றம் போகாது. மெருகேறிய பரப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். மீன் கூடையைத் தலையில் தூக்குகிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இப்போது உங்கள் தோல்

தங்கையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த அரிப்பு வியாதி இல்லை, தொற்றும் இல்லை. வறட்டுச் சுரண்டலில் தூளாகும் கண்ணாடி இழைகள் முள் போலத் தோலில் குத்திக்கொள்வதால் வருவது. மேல் தோலோடு நின்று ஈரத்தில் வேலை செய்தால் இழை கிளம்பாது, தூளும் பறக்காது. மெஷின் வைத்து வறட்டாகச் சுரண்டும்போதுதான், இழை தெரிகிற இடமெல்லாம் ஊசித் தூளாகிறது.

அரிக்கிறதே என்று சொறியாதீர்கள். சொறிந்தால் இழை இன்னும் உள்ளே போகும். ஓடுகிற தண்ணீரில் கையைக் காட்டுங்கள், பிறகு சாதாரண சோப்பு போட்டு மெத்தென்ற துணியால் லேசாகக் கழுவுங்கள். இழை கண்ணுக்குத் தெரிந்தால், ஒட்டும் டேப்பை மேலே வைத்து மெதுவாகப் பிரித்தெடுங்கள். கண்ணில் உறுத்தினால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். அரிப்பு ஓரிரு நாளில் அடங்காவிட்டாலும், கொப்புளம் வந்தாலும், இருமலோ இளைப்போ நின்றபாடில்லை என்றாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ போய், ஃபைபர் வேலை செய்ததைச் சொல்லிக் காட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

குழந்தைக்கு வந்தது எப்படி? துவைக்கிற தண்ணீர் வழியாகத்தான். சட்டையில் இருந்த இழை, வாளியில் கவுனுக்கு மாறிவிட்டது. வேலைத் துணியை வெளியிலேயே கழற்றி உதறி, தனி வாளியில் தனியாகத் துவைத்து, வாளியையும் நன்றாக அலசிக் கவிழ்க்க வேண்டும். உதறும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். வேலை முடித்து வருகிறவர் குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். அப்பாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது குழந்தையின் சுபாவம். நாம்தான் தடுக்க வேண்டும்.

வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி அவசியம். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டால் போதாது. கொரோனா காலத்தில் எல்லாரும் அறிந்த என்-95 முகமூடி தூளுக்கு நல்லது. ஆனால் அது ரெசின் வாடையைத் தடுக்காது.

கையில் கறுப்பு எண்ணெய் ஒட்டினாலும் மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுக் கழுவாதீர்கள். தோலில் உள்ள இயற்கையான எண்ணெய்ப் பசையை அவை உரித்துவிடும், பிறகு வெடிப்பும் புண்ணும்தான். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டால் போதும்.

பட்டறை வேலைக்கு எட்டி நில்லுங்கள்

இழை தெரிகிற இடத்துக்குப் புது ஜெல் கோட் போடுவதும், பின்பலகையைப் பிரித்துக் கட்டுவதும் தெரிந்தவர் செய்கிற வேலை. வீட்டு வாசலிலேயே வைத்துச் செய்வதாக இருந்தால் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரெசினில் இருந்து வருகிற காரமான வாடை ஸ்டைரீன் என்கிற பொருளுடையது. தலைவலி, கண் எரிச்சல், மயக்கம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018-ல் இதை ஆராய்ந்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. இறுகிப் போன பழைய படகைப் பற்றி இதற்காகப் பயப்பட வேண்டாம். இறுகாத ரெசினைத்தான் மூடிய இடத்தில் வைத்துக் கலக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

ரெசினை இறுக வைக்க இரண்டு திரவம் சேர்ப்பார்கள். ஒன்று ஊதா நிறம். மற்றது கேட்டலிஸ்ட். பார்த்தால் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் அதை அப்புறப்படுத்துங்கள். தாகத்தில் வருகிற பிள்ளைக்கு எது தண்ணீர், எது விஷம் என்று எப்படித் தெரியும்? கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. உடனே, அங்கேயே, குறைந்தது பதினைந்து நிமிஷம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1819-ல் தொடங்கப்பட்டு, இப்போது எழும்பூரில் இருக்கிற அரசு கண் ஆஸ்பத்திரி இதற்குத்தான். கழுவாமல் ஓடுவதுதான் தப்பு. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடலுக்குப் போகாத வீடுகளுக்கு

குளியலறை ஃபைபர் கதவு, மொட்டை மாடி ஃபைபர் தகடு, ஃபைபர் நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஈரத் துணி சோதனை, சோப்புக் கழுவல், காம்பவுண்டு, மெழுகு. மாடித் தகட்டில் இழை நூல் நூலாகப் பிரிந்து நின்றால் மெருகேற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதன் கீழே துணி உலர்த்துவதையும், வடாம் காய வைப்பதையும் உடனே நிறுத்துங்கள். மாடியில் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஃபைபர் இல்லை, அது வெறும் பிளாஸ்டிக். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

பங்குனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிப் பழுது பார்க்கிற சமயம் அது. ஆனால் ஃபைபர் படகுக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். கத்திரி வெயில் தாக்குவதற்கு முன்னால் பங்குனியில் ஒரு மெழுகு, ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு மெழுகு. தினம் கரைக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர். கிடக்கிற நேரத்தில் மேலே ஒரு பழைய தார்ப்பாய். இவ்வளவு செய்தால் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்கவே வேண்டியிராது. மாதம் ஒரு தடவை நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் பழக்கமாகட்டும். அதற்கு ஆண்பிள்ளை வர வேண்டுமென்பதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற காது நமக்கு இருக்கிறது.

போன வாரம் தங்கையிடமிருந்து இன்னொரு கடிதம். பின்பலகையைப் பிரித்தபோது உள்ளே மரம் ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வந்ததாம். புதுப் பலகை கட்டியாகிவிட்டது. மேல் விளிம்பும் முடிந்தது. பக்கங்களை அவளும் வீட்டுக்காரருமாக நாலு காலைப் பொழுதில் தேய்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மயில் கழுத்து, மற்ற பக்கம் கொஞ்சம் மங்கல்தானாம். "மங்கலா இருக்கிறது அவரு தேய்ச்ச பக்கம் அக்கா" என்று எழுதியிருக்கிறாள். தரகர் மறுபடி வந்து, இந்தத் தடவை நல்ல விலை சொன்னாராம். "விக்கிறதா இல்லைன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்" என்கிறாள். குழந்தையின் உடம்பில் சிவப்பும் மறைந்துவிட்டதாம்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்குப் பூஞ்சக்காளான் வராமல் காப்பது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டில் வெளுத்துப் போனது ஏதாவது இருந்தால், தூக்கி எறிவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.